ஜான்சன் பெயரில் ஒரு குழம்பு

சியோலில் ஒன்றாம் எண் மெட்ரோ பிடித்து வடக்கே ஏறக்குறைய ஒரு மணி நேரம் போனால் உய்ஜோங்பு வரும். அங்கே ஒரு தெரு இருக்கிறது. தெரு முழுக்க ஒரே குழம்பு. இடது பக்கக் கடையிலும் அதுதான், வலது பக்கக் கடையிலும் அதுதான். ஒவ்வொரு கடை வாசலிலும் 'நாங்கள்தான் ஒரிஜினல்' என்கிற அர்த்தத்தில் ஒரு போர்டு. திருநெல்வேலியில் அல்வாக் கடை வாசலில் நின்று குழம்பிப்போன அனுபவம் எனக்கு இருந்ததால் இது புதிதாகத் தெரியவில்லை.

2016 நவம்பரில் என் லேப் நண்பர்கள் இரண்டு பேர் என்னை அங்கே கூட்டிப்போனார்கள். நான் கொரியாவுக்குப் படிக்க வந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. மேசை நடுவில் கேஸ் அடுப்பு, அதன்மேல் தாம்பாளம் மாதிரி அகலமாக, ஆழமில்லாமல் ஒரு சட்டி. அதில் பழுத்துப் புளித்த கிம்ச்சி, டோஃபு, வெங்காயத்தாள், கொழுக்கட்டை மாவை விரல் மாதிரி உருட்டி வெட்டியது போன்ற அரிசித் துண்டுகள். அதெல்லாம் சரி. பக்கத்திலேயே வட்டம் வட்டமாக சாசேஜ், ரோஸ் நிறத்தில் டப்பா இறைச்சி, டப்பாவில் வரும் வெள்ளைக்காரன் பீன்ஸ், மேலே ஒரு சீஸ் துண்டு. ஒரு அமெரிக்க மளிகைக்கடையும் ஒரு கொரியப் பாட்டி வீட்டுச் சமையலறையும் பஸ் விபத்தில் மோதிக்கொண்ட மாதிரி இருந்தது. கொதி வந்ததும் நண்பன் ஒரு பாக்கெட் நூடுல்ஸை முழுசாக உள்ளே போட்டான். "போகுல் போகுல்" என்றான். கொரிய மொழியில் குழம்பு அப்படித்தான் கொதிக்குமாம். எங்க ஊர்ல தளதளன்னு கொதிக்கும் என்றேன். அவன் இரண்டு தடவை சொல்லிப் பார்த்துச் சிரித்தான்.

ருசி? சொன்னால் நம்ப மாட்டீர்கள். காரமும் புளிப்பும் கொழுப்புமாக அபாரமாக இருந்தது. ராத்திரி அம்மா போனில் என்ன சாப்பிட்ட என்று கேட்டாள். ஆடு, கோழியைத் தாண்டாத வீடு எங்களுடையது. "காய்கறி சூப்புமா" என்றேன். கிம்ச்சி காய்கறிதானே.

அந்தக் குழம்பின் பெயர் புதே ஜிகே. 'புதே' என்றால் ராணுவப் பிரிவு. பட்டாளத்துக் குழம்பு என்று தமிழில் சொல்லலாம்.

நான் தங்கியிருந்தது ஒரு ஹாசுக்ஜிப்பில். மாத வாடகைக்கு ஒரு சின்ன அறையும் இரண்டு வேளைச் சோறும் தருகிற வீடு. பழைய கால மேன்ஷனும் மெஸ்ஸும் சேர்ந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். நடத்தியவருக்கு அப்போது எழுபத்தாறு வயது. எல்லோருக்கும் அவர் ஹல்மொனி, அதாவது பாட்டி. நான் எத்தனை மணிக்குத் திரும்பினாலும் அவர் கேட்கிற முதல் கேள்வி, சோறு சாப்ட்டியா. நம் ஊரில் எப்படிக் கேட்பார்களோ அதே தொனி. பதில் சொல்வதற்குள் கிண்ணம் வந்துவிடும்.

உய்ஜோங்புவிலிருந்து திரும்பிய மறுநாள் காலை, எனக்குத் தெரிந்த அரைகுறைக் கொரிய மொழியில் ஹல்மொனியிடம் உற்சாகமாகச் சொன்னேன்: நேத்து புதே ஜிகே சாப்பிட்டேன், ரொம்ப நல்லா இருந்துச்சு, நீங்க செய்ய மாட்டீங்களா? அவர் கையிலிருந்த கரண்டி நிற்கவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை. "அதெல்லாம் ஒரு சாப்பாடா?" என்றார். அவ்வளவுதான். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மூத்த மாணவர் மேசைக்கு அடியில் என் காலை மிதித்தார். பிறகு மாடிப்படியில் வைத்துச் சொன்னார்: இந்த வீட்ல அதைப் பத்திப் பேசாதே.

பேசாதே என்றால் படிக்கத் தோன்றும். அப்படித்தான் இந்தக் கதைக்குள் போனேன்.

1950 ஜூன் 25 அன்று வட கொரியப் படை எல்லையைத் தாண்டியது. 1953 ஜூலை 27 அன்று போர்நிறுத்தம். இடையில் சியோல் நான்கு தடவை கை மாறியது. சண்டை முடிந்தபோது வயலும் இல்லை, வேலையும் இல்லை. ஆனால் அமெரிக்க முகாம்கள் இருந்தன. உய்ஜோங்பு வடக்கிலிருந்து சியோலுக்கு வரும் வழியில் இருப்பதால் அங்கே முகாம்கள் அதிகம். அவற்றில் ஒன்று கேம்ப் ரெட் கிளவுட். பேரைக் கேட்டு ஏதோ கவிதைப் பெயர் என்று நினைத்தேன். 1950 நவம்பரில் இந்தப் போரில் செத்துப்போன மிச்செல் ரெட் கிளவுட் என்ற அமெரிக்கப் பூர்வகுடிச் சிப்பாயின் பெயர் அது. நிலத்தைப் பறிகொடுத்த ஒரு இனத்தின் பிள்ளை, இன்னொரு கண்டத்தில் ஒரு மலைமேட்டைக் காக்கச் செத்திருக்கிறான்.

முகாமுக்கு உள்ளே இறைச்சி, வெண்ணெய், ரொட்டி, காபி. வேலிக்கு வெளியே பசி. இந்த இரண்டுக்கும் நடுவில் இரண்டு விதமான பண்டங்கள் பிறந்தன. நான் முதலில் இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டேன். பலரும் குழப்பிக்கொள்கிறார்கள்.

முதலாவது குல்குரி ஜுக். 'குல்குல்' என்பது பன்றி உறுமும் சத்தம், 'ஜுக்' என்றால் கஞ்சி. பன்றிக் கஞ்சி. சிப்பாய்கள் தின்றுவிட்டுக் கொட்டியதை வாளிகளில் வெளியே கொண்டுவந்து, தண்ணீர் ஊற்றிக் கொதிக்கவைத்துச் சந்தையில் கிண்ணம் கிண்ணமாக விற்றார்கள். அதில் பல்குத்தும் குச்சி வரும், சிகரெட் துண்டு வரும், அதிர்ஷ்டம் இருந்தால் இறைச்சியும் வரும். அறுபதுகளின் தொடக்கம் வரை இது சந்தைகளில் இருந்தது.

இரண்டாவதுதான் புதே ஜிகே. முகாமில் வேலை பார்த்தவர்கள் ஹாம், சாசேஜ், டப்பா இறைச்சி என்று திருட்டுத்தனமாக வெளியே கொண்டுவந்த சரக்கில் செய்தது. உய்ஜோங்புவில் 1960-ல் ஹோ கி சுக் என்ற பெண்மணி மீன் உருண்டை விற்கும் சின்னக் கடை ஒன்று போட்டார். முகாம் ஊழியர்கள் அவரிடம் இறைச்சியைக் கொண்டுவந்து, இதை எப்படியாவது சமைத்துக் கொடுங்கள் என்று கேட்டார்கள். முதலில் வதக்கிக் கொடுத்தார். சோற்றுக்குத் தொட்டுக்கொள்ளக் குழம்பாக இருந்தால் தேவலை என்றதும் கிம்ச்சி போட்டுக் கொதிக்கவிட்டார். அந்தக் கடை பெயர் இன்னமும் ஓதெங் சிக்தாங், மீன் உருண்டைக் கடை. 1961-ல் ராணுவப் புரட்சியில் ஆட்சிக்கு வந்த பார்க் சுங் ஹீ அரசு வெளிநாட்டுச் சரக்கு விற்பதைத் தடை செய்தது. ஆக, இந்தக் குழம்பு பல வருஷம் சட்டவிரோதக் குழம்பு.

இதற்கு ஜான்சன் தாங் என்று இன்னொரு பெயரும் உண்டு. 'தாங்' என்றால் சூப். 1966 அக்டோபர் 31 அன்று அமெரிக்க அதிபர் லிண்டன் ஜான்சன் சியோலுக்கு வந்தார். அவர் பெயரால் இத்தேவோன் பகுதியில் இன்றும் இதை விற்கிறார்கள். ஏன் அவருக்கு இவ்வளவு வரவேற்பு? அப்போது கொரியா வியட்நாமுக்குத் தன் பிள்ளைகளை அனுப்பிக்கொண்டிருந்தது. 1973 வரை மொத்தம் மூன்று லட்சத்துக்கும் மேல். பதிலுக்கு டாலரும் கடனும் ஒப்பந்தங்களும் வந்தன. அந்த டாலரில்தான் சாலைகளும் ஆலைகளும் எழுந்தன என்று சொல்பவர்கள் உண்டு.

இதைப் படித்தபோது எனக்கு வேறொரு ஜான்சன் ஞாபகம் வந்தார். அதே 1966-ல் இந்தியாவில் மழை பொய்த்து, பி.எல். 480 சட்டப்படி வரும் அமெரிக்கக் கோதுமைக் கப்பலை எதிர்பார்த்து நாடு உட்கார்ந்திருந்தது. கோதுமையை மொத்தமாக அனுப்பாமல் மாதக் கணக்கில், கப்பல் கணக்கில் இழுத்துப் பிடித்தவர் இதே ஜான்சன். விவசாயக் கொள்கையை மாற்றச் சொல்லும் நெருக்கடி ஒரு பக்கம், வியட்நாமில் குண்டு போடுவதை இந்தியா விமர்சித்ததில் எரிச்சல் இன்னொரு பக்கம். பிள்ளைகளை அனுப்பிய நாடு அவர் பேரைக் குழம்புக்கு வைத்தது. வாயைத் திறந்த நாடு அடுத்த கப்பல் எப்போது என்று துறைமுகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. எந்தப் பக்கம் கெட்டிக்காரத்தனம் என்று என்னைக் கேட்காதீர்கள். வியட்நாமில் செத்தவர்களையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் எனக்குத் தலை சுற்றுகிறது.

*

கொரியாவில் இருக்கிறேன் என்று தெரிந்தால் நம் ஆட்கள் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு: செம்பவளம் ராணி தமிழச்சிதானே? பதின்மூன்றாம் நூற்றாண்டு நூலான சம்குக் யூசா, கி.பி. 48-ல் 'ஆயுத்தா' நாட்டிலிருந்து ஒரு இளவரசி கடல் வழியாக வந்து மன்னரை மணந்தாள் என்கிறது. அயோத்தி என்று ஒரு கூட்டம், கன்னியாகுமரி ஆய் நாடு என்று இன்னொரு கூட்டம். நடந்ததாகச் சொல்லப்படும் காலத்துக்கு ஆயிரத்து இருநூறு வருஷம் கழித்து எழுதியதை வைத்து யூடியூபில் சண்டை. நானும் வந்த புதிதில் ஹல்மொனியிடம் இதைச் சொல்லிப் பெருமைப்படப் பார்த்தேன். ஓஹோ என்று கேட்டுக்கொண்டு முள்ளங்கி நறுக்கப் போய்விட்டார்.

அவருக்குத் தெரிய வேண்டியிருந்த தொடர்பு வேறு. அந்தக் குளிர்காலத்தில், ஜனவரி கடைசி, புத்தாண்டு விடுமுறைக்கு எல்லா மாணவர்களும் ஊருக்குப் போயிருந்தார்கள். வீட்டில் நானும் அவரும்தான். மாவு பிசைந்து, கத்தியால் நறுக்கி நூடுல்ஸ் செய்துகொண்டிருந்தார். திடீரென்று கேட்டார்: "உங்க ஊருக்கும் அமெரிக்க மாவு வந்துச்சா?"

வந்தது என்றேன். என்ன பண்ணீங்க என்றார்.

எனக்குத் தெரிந்தது இரண்டு கதை. தஞ்சாவூர்ப் பக்கம் எங்கள் கிராமம். அப்பா அறுபதுகளின் நடுவில் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் படித்தவர். கேர் என்ற அமெரிக்க அமைப்பு அனுப்பிய பால் பவுடர், உடைத்த கோதுமை, எண்ணெய் எல்லாம் மதிய உணவுக்கு வரும். அந்தக் கோதுமை உப்புமாவைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் அப்பா இன்னைக்கும் நிறுத்த மாட்டார். எண்ணெய் வாசனையைக்கூட வர்ணிப்பார். அப்பாயிக்கு அந்தப் பேச்சே ஆகாது. "அமெரிக்காக்காரன் மாட்டுக்குப் போடுறதை நமக்கு அனுப்புனான். இந்தப் பய அதைப் போயித் தின்னுட்டு வந்து வாயை நக்கிக்கிட்டு நிப்பான்" என்பாள். கடைசிவரை கோதுமை என்றால் அவளுக்குக் காய்ச்சல்காரன் சாப்பாடுதான். அரிசி விளைகிற ஊரிலேயே அரிசியை மாவட்டம் தாண்டிக் கொண்டுபோகத் தடை இருந்த காலம் அது. திங்கட்கிழமை ராத்திரி பட்டினி இருங்கள் என்று பிரதமர் சாஸ்திரி கேட்டுக்கொண்ட காலம். 1967 தேர்தலில் ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்ற பேச்சு எப்படி வேலை செய்தது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

ஹல்மொனி ஆர்வமாகக் கேட்டார். இங்கேயும் அதேதான் என்றார். அறுபதுகளிலும் எழுபதுகளிலும் பள்ளிக்கூடத்தில் டீச்சர் டிபன் பாக்ஸைத் திறந்து பார்ப்பாராம், சோற்றில் பார்லி கலந்திருக்கிறதா என்று. வெறும் அரிசிச் சோறு கொண்டுவந்தால் திட்டு. ஹல்மொனி தன் மகனுக்கு அரிசிச் சோற்றின் மேலே மட்டும் பார்லியைத் தூவி அனுப்பியிருக்கிறார். சொல்லிவிட்டு, பிடிபடாத திருடன் மாதிரி சிரித்தார். 1969 முதல் புதனும் சனியும் பகலில் ஓட்டல்களில் அரிசிச் சோறு கிடையாது. அரிசியில் மக்கொல்லி என்கிற கள் காய்ச்சுவதற்கும் தடை. கோதுமை மாவில் காய்ச்சினார்கள், குடிக்கச் சகிக்காது என்றார்.

நூடுல்ஸும் அப்படி வந்ததுதான். 1963-ல் சம்யாங் நிறுவனம் ஜப்பானியத் தொழில்நுட்பத்தை வாங்கி, கொரியாவின் முதல் பாக்கெட் நூடுல்ஸைப் பத்து வோனுக்கு விற்றது. அதன் நிறுவனர் நம்தேமுன் சந்தையில் பன்றிக் கஞ்சிக்கு நீண்ட வரிசை நிற்பதைப் பார்த்துத்தான் இந்த யோசனைக்கு வந்தார் என்பது அந்த நிறுவனமே சொல்லும் கதை. பிறகு அதே நூடுல்ஸ் புதே ஜிகேவுக்குள் விழுந்தது.

அரிசிப் பஞ்சம் தீர்ந்த கதையிலும் ஒரு ஒற்றுமை உண்டு. இதை நான் பின்னால் படித்துத் தெரிந்துகொண்டேன். எழுபதுகளில் கொரிய அரசு 'தோங்இல்' என்ற நெல்லை நாடு முழுக்கப் பயிரிட வைத்தது. பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தின் உதவியோடு, வெப்ப நாட்டு இண்டிகா ரகத்தையும் ஜப்பானிய ரகத்தையும் கலந்து உருவாக்கியது. அறுபதுகளில் தஞ்சாவூர் வயல்களை நிரப்பிய ஆடுதுறை 27-ம் இதே மாதிரி இண்டிகா, ஜப்பானிய ஒட்டு ரகம்தான். 1977-ல் கொரியா அரிசியில் தன்னிறைவு பெற்றது, மக்கொல்லிக்கும் தடை நீங்கியது. ஆனால் ஜனங்களுக்குத் தோங்இல் சோறு பிடிக்கவில்லை. ஒட்டாமல் உதிரி உதிரியாக இருக்கிறதாம்! 1980-ல் வந்த குளிரில் பயிர் அடிவாங்கியது, பிறகு மெல்ல மெல்லக் காணாமலே போயிற்று. ரசம் ஊற்றிப் பிசைய எனக்கு வசதியாக இருந்திருக்கக்கூடிய ஒரே கொரிய அரிசி நான் பிறப்பதற்கு முன்னாலேயே போய்விட்டது.

தஞ்சையில் விளைச்சல் கூடியது. கூடிய விளைச்சலில் யாருக்கு எவ்வளவு என்ற கேள்வியும் கூடவே வந்தது. 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேர் ஒரு குடிசைக்குள் எரிந்து செத்ததற்குப் பின்னால் இருந்தது கூலி நெல்லுக்கான தகராறு.

நூடுல்ஸ் வெந்ததும் ஹல்மொனி எதிரில் உட்கார்ந்தார். அவராகவே சொல்ல ஆரம்பித்தார். எனக்குப் புரிந்தவரை சொல்கிறேன், அவர் சொன்னதில் பாதியாவது எனக்குத் தப்பியிருக்கும்.

1951-ல் அவருக்குப் பத்து வயது. குடும்பம் சியோலை விட்டுத் தெற்கே புசானுக்கு ஓடியது. சந்தையில் பன்றிக் கஞ்சி விற்கும் அண்டாவின் முன் தகர டப்பாவோடு வரிசையில் நிற்பது அவர் வேலை. ஒரு நாள் டப்பாவில் பெரிய இறைச்சித் துண்டு விழுந்தது. அண்ணன் தம்பிகளுக்குக் காட்ட வேண்டும் என்று ஓட்டமாக வீட்டுக்கு வந்தார். அம்மா அதை வெளியே எடுத்துப் பார்த்தாள். அதில் பல் பதிந்திருந்தது. ஒரு ஆள் கடித்த தடம், அரை வட்டமாக, தெளிவாக. அம்மா அதைக் கத்தியால் சீவினாள். தடம் போகிற அளவுக்கு மட்டும், மெல்லிசாக. சீவியதை மகள் பார்க்காதபோது தன் வாயில் போட்டுக்கொண்டாள். மகள் பார்த்துவிட்டாள்.

"உங்க மொழியில அதுக்கு வார்த்தை இருக்கா?" என்று கேட்டார். எதுக்கு என்றேன். ஒருத்தன் வாய் வைத்ததுக்கு.

எச்சில் என்றேன். அவர் சொல்லிப் பார்த்தார்.

அன்றைக்கு ராத்திரி அறையில் படுத்துக்கொண்டு அந்த வார்த்தையையே யோசித்துக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டில் எச்சில் பார்ப்பதில் அப்பாயியை மிஞ்ச ஆள் கிடையாது. டம்ளரைத் தூக்கித்தான் குடிக்க வேண்டும். எச்சில் கையால் பாத்திரத்தைத் தொட்டால் கத்துவாள். அதே அப்பாயி காலையில் கொல்லைக் கதவைத் திறந்து, வயல் வேலைக்கு வந்தவருக்குப் பழையதை உயரத்திலிருந்து ஊற்றுவதை நான் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். ராத்திரி எங்கள் சாப்பாட்டில் மிஞ்சியதெல்லாம் அதில் கிடக்கும். அமெரிக்காக்காரன் மிச்சத்தை அனுப்பினான் என்று நாற்பது வருஷம் கழித்தும் கோபப்பட்டவள் அவள். இதை ஹல்மொனியிடம் சொல்லவில்லை. சொல்லும் அளவுக்குக் கொரிய மொழி தெரியாது என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

*

2017 அக்டோபரில் சூசொக் வந்தது. நம் பொங்கல் மாதிரி அறுவடைப் பண்டிகை. கொரியாவில் அந்தப் பண்டிகைக்குக் கொடுக்கிற மரியாதையான பரிசுகளில் ஒன்று எது தெரியுமா? ஸ்பேம். அமெரிக்காவில் 1937-ல் வந்த அதே டப்பா இறைச்சி. 1987 முதல் கொரியாவிலேயே தயாரிக்கிறார்கள். நம் ஊரில் தீபாவளிக்கு ஸ்வீட் பாக்ஸ் அடுக்கியிருப்பது போல, சூப்பர் மார்க்கெட்டில் பட்டுத்துணி மாதிரி மின்னுகிற பெட்டிகளில் ஒன்பது, பன்னிரண்டு என்று அடுக்கி வைத்திருப்பார்கள்.

ஹல்மொனியின் மகன் அப்படி ஒரு பெட்டியோடு வந்தார். ஐம்பது தாண்டியவர். அவருக்குப் புதே ஜிகே உயிர். சின்ன வயதில் சாசேஜ் என்றால் பணக்கார வீட்டுப் பிள்ளையின் டிபன் பாக்ஸில் மட்டும் பார்க்கிற பொருள், அது மிதக்கிற குழம்பு எப்படிக் கேவலமாகும் என்று என்னிடம் கேட்டார். அம்மா காதில் விழாத தூரத்தில்தான் கேட்டார்.

மறுநாள் காலை சமையலறையில் முட்டையில் தோய்த்து ஏதோ வறுபடும் வாசனை. எட்டிப் பார்த்தால் ஹல்மொனி ஸ்பேம் வறுத்துக்கொண்டிருந்தார். சுடு சோற்றின்மேல் இரண்டு துண்டு எனக்கு வைத்தார். தன் கிண்ணத்திலும் வைத்துக்கொண்டார். நான் பார்ப்பதை அவரும் பார்த்தார்.

"என்ன?"

"இல்ல... இது அதேதானே, ஹல்மொனி?"

"எப்படி அதே ஆகும்?" என்றார். மேசைமேல் இருந்த காலி டப்பாவை எடுத்து, வளையம் இழுத்துக் கிழிந்த மூடியை என் முகத்துக்கு நேரே காட்டினார். "இதை நான்தான் திறந்தேன். நான்தான் வெட்டினேன்."

அடுத்த வருஷம் படிப்பு முடிந்து ஊருக்கு வந்தேன். அந்த வருஷமே உய்ஜோங்புவின் ரெட் கிளவுட் முகாமும் மூடப்பட்டது, படைத் தலைமையகம் தெற்கே பியோங்தேக்குக்குப் போய்விட்டது. அப்பாயி நான் கொரியாவில் இருந்தபோதே தவறிவிட்டாள். கொல்லையில் மாட்டுக்கொட்டகை இடிந்து கிடந்தது. அப்பா கோதுமை உப்புமா கிண்டச் சொல்லிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பழையது வாங்கிக் குடிக்க அந்த ஆள் என்ன பாத்திரம் வச்சிருப்பாருப்பா என்று கேட்டேன்.

"ஈயப் போணிடா. கொட்டகைக் கூரையில சொருகியிருக்கும், வீட்டுக்குள்ள வராது" என்றார். கொஞ்ச நேரம் உப்புமாவைக் கிளறிக்கொண்டிருந்தார். "நல்ல மனுஷன். என்னைத் தோள்ல தூக்கிக்கிட்டுத்தான் பள்ளிக்கூடம் கொண்டுபோய் விடுவார், மழை நாள்ல." பேர் என்ன என்றேன்.

அப்பா யோசித்தார். அம்மாவைக் கூப்பிட்டுக் கேட்டார். அம்மாவுக்கும் தெரியவில்லை.